இரண்டு வாஷர்

வயல் முதலாளி ஸமட் போடியாரின் சிவப்பு உழவு இயந்திரத்தைச் சங்கிலி போட்டு இழுத்துக்கொண்டு போனபோது, அது மஜீட் பாஸின் கராஜ் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. பாலமுனையில் அதற்கு வேறு பாதை கிடையாது. ஆனாலும் தன் கண்ணில் படவேண்டும் என்றே இந்தப் பாதையால் கொண்டுபோகிறார்கள் என்று மஜீட் நினைத்தான். பொறாமை பிடித்தவனுக்கு ரோட்டும் எதிரிதான்.

"பாஸ், அது உங்கட மாமாட மெசினெல்லா? ஏன் இஞ்ச நிப்பாட்டாமப் போறாங்க?"

கேட்டவர் சொறிக்கல்முனை அழகரெத்தினம். தன் இயந்திரத்தின் கிளச்சைக் காட்ட அவ்வளவு தூரத்திலிருந்து வெள்ளனவே வந்து, மரக்குற்றியில் உட்கார்ந்திருந்தார். அவர் கேட்டதில் கள்ளம் எதுவும் இல்லை. அதனால்தான் அது இன்னும் கூடக் குத்தியது.

"என்ட பக்கம் வேல நெருக்கடி. நான்தான் அங்க அனுப்பின" என்றான் மஜீட்.

கராஜில் அழகரெத்தினத்தின் இயந்திரத்தைத் தவிர வேறு ஒன்றும் நிற்கவில்லை. அவர் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, வெற்றிலையை மடித்தார்.

சிவப்பு இயந்திரம் போய் நின்ற இடம் ஸஹீதின் கராஜ். ஸஹீத் மஜீடின் சகலன். போடியாரின் மூத்த மகள் ஸுல்பிகாவை மஜீட் கட்டியிருந்தான். இளையவள் றுகையாவை ஸஹீத் கட்டியிருந்தான். அந்தப் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பான். சாய்ந்தமருதிலிருந்து மஜீட் வந்தான், ஒலுவிலிலிருந்து ஸஹீத் வந்தான். ஒரே வளவுக்குள் இரண்டு வீடு, ஒரே கிணறு, ஒரே கேற்று. மாமாவும் மாமியும் இளையவள் வீட்டோடு இருந்தார்கள். அதுவும் வழக்கம்தான், ஆனால் வழக்கம் என்பதற்காக வயிறு எரியாமல் இருக்குமா?

பதினாறு வருடம் மஜீட் ஒருவன்தான் அந்த வீட்டின் 'பாஸ்', மெக்கானிக்கை ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். மாமாவின் வாயில் எதற்கெடுத்தாலும் "மூத்த மருமகனக் கேளுங்க" என்றுதான் வரும். கத்தாரில் ஆறு வருடம் ஒரு பெரிய வேர்க்ஷொப்பில் வேலை செய்துவிட்டு, இரண்டு வருடத்துக்கு முன்னால் ஸஹீத் வந்து இறங்கினான். வந்த ஆறாம் மாதமே தகரக் கூரை போட்டு, சீமெந்துத் தரை போட்டு, சுவரில் ஸ்பெனர்களைச் சின்னது பெரிதாக வரிசையில் கொழுவி, மஜீடின் கராஜிலிருந்து கூப்பிடு தூரத்தில் கடை திறந்தான். திறப்புக்கு முதல் அழைப்பு மஜீடுக்குத்தான். "காக்கா, நீங்கதான் துஆ ஓதி வெக்கோணும்" என்று அண்ணன் முறை சொல்லிக் கையைப் பிடித்து அழைத்துப் போனான். மஜீட் ஓதினான். ஓதும்போதே சுவரில் இருந்த ஸ்பெனர்களை எண்ணினான்.

அந்த இயந்திரம் இழுத்துப் போகப்படும் நிலைக்கு வந்தது ஒன்பது நாளுக்கு முன்னால். கச்சான் காற்று ஓய்ந்து, மாரி மழைக்கு இன்னும் சில கிழமை இருந்தது. பெரும்போக விதைப்புக்கு எல்லோரும் வயல்வட்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். போடியார் பின்னால் பூட்டிய இழுவைப் பெட்டியில் மண் ஏற்றிக்கொண்டுபோய், வாய்க்கால் கட்டில் ஏறும் சரிவில் இயந்திரத்தை நிறுத்தினார். அதன் ஹேன்ட் பிறேக் பிடித்த காலம் யாருக்கும் ஞாபகத்தில் இல்லை. ஊரில் பழைய இயந்திரம் வைத்திருக்கிற எவரும் அதை நம்புவதும் இல்லை. முதல் கியரில் போட்டு எஞ்சினை நிறுத்திவிட்டு, சில்லுக்கு அடியில் ஒரு கல்லை வைத்தால் போதும். அன்றைக்குக் கல் வைக்க அவருக்குச் சோம்பலாக இருந்தது. கியரில்தானே நிற்கிறது என்று பெட்டிக்குப் பின்னால் போனார். கியர் தானாகக் கழன்றது. பெட்டிச் சில்லு அவருடைய இடது பாதத்தில் ஏறி இறங்கி, போய் ஒரு மருத மரத்தில் முட்டி நின்றது. பாதத்தில் இரண்டு எலும்பு முறிவு. அல்லாஹ் காப்பாற்றினான், நெஞ்சில் ஏறவில்லை என்றார்கள் எல்லோரும்.

பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போன மஜீட் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"இஞ்சேருங்க, சோத்துக்க கைய வெச்சிக்கி என்னத்த யோசிக்கிங்க?" என்றாள் ஸுல்பிகா.

"ஒங்கட வாப்பாக்கு நான் மவுத்தாப் போயித்தனா?"

"யா அல்லாஹ், என்ன பேச்சு இது!"

"பதினெட்டு வருசம். அந்த மெசின்ட ஒவ்வொரு நட்டும் என்ட கையாலதான் கழட்டிப் பூட்டின. இப்ப ரோட்டால இழுத்துக்கு போறாங்க, ஊரு பாக்க. சொறிக்கல்முனையான் கேக்கான், ஏன் இஞ்ச நிப்பாட்டல்ல எண்டு. நான் என்ன செல்லுற?"

"போன மாசம் முழுக்க நீங்க இடுப்பு நோவெண்டு படுத்திங்கெல்லா. கியர் பொக்ஸ் தூக்குற வேல. மூத்த மருமகனுக்கு ஏலாது, ஸஹீத் செய்யட்டும் எண்டு வாப்பா செல்லினார்."

"என்ட இடுப்பப் பத்தி அவருக்கு ஆரு செல்லின?"

ஸுல்பிகா அவனுடைய சோற்றுக் கோப்பையில் புளியாணத்தை ஊற்றினாள். "நான்தான்."

"ஒனக்கு வேற சோலி இல்லையா?"

"படுத்த படுக்கையில ஒங்களுக்குத் தைலம் தேய்ச்ச எனக்குத்தான் தெரியும் என்ன சோலி எண்டு. அவன் செஞ்சா என்ன? அவனும் இந்த வீட்டு ஆள்தானே. நீங்க கொஞ்சம் இருந்து ஆறுங்களன்."

'அவனும் இந்த வீட்டு ஆள்.' அதுதான் தாங்க முடியவில்லை. ஆனால் சோறு இறங்காததற்கு அது மட்டும் காரணமில்லை. இன்னொன்றும் இருந்தது, அதை அவன் மனைவிக்கும் சொன்னதில்லை.

டீசலுக்கு ஊரே வரிசையில் கிடந்த அந்த வருடம் அதே இயந்திரத்தின் கியர் கழன்று கழன்று விழுந்தது. கியர்த் தண்டில் ஒரு பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளத்தில் ஒரு சின்ன உருண்டை உட்கார்ந்து, மேலே இருக்கும் ஸ்பிரிங் அதை அழுத்திப் பிடிக்கும். அந்தப் பிடி இருந்தால்தான் கியர் போட்ட இடத்தில் நிற்கும். ஸ்பிரிங் உடைந்திருந்தது. அக்கரைப்பற்றிலிருந்து கல்முனை வரை ஏறி இறங்காத கடை இல்லை, ஒரு கடையிலும் சாமான் இல்லை. உழவு நாள் போய்க்கொண்டிருந்தது. மஜீட் ஒரு மோட்டார் சைக்கிளின் கிளச்சுக்குள் இருந்த ஸ்பிரிங்கை எடுத்து அளவுக்கு வெட்டினான். இறுக்கம் போதாததால் மேலே இரண்டு வாஷர் வைத்துப் பூட்டினான். கியர் நின்றது. மாமா அவனைக் கட்டிப் பிடித்தார். போகம் முடிந்ததும் கழற்றி ஒழுங்காகப் போடுவோம் என்று அன்றைக்கு நினைத்தான். அடுத்த போகம் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. ஓடுகிற இயந்திரத்தை யார் பிரிப்பார்கள்?

மாமாவின் காலை உடைத்தது அந்த ஸ்பிரிங்தான் என்று மஜீடுக்கு ஒன்பது நாளாகத் தெரியும். இப்போது கியர் பொக்ஸைத் திறக்கப்போகிறவன் ஸஹீத். திறந்தவுடன் பார்ப்பான். பார்த்தவுடன் றுகையாவுக்குச் சொல்லுவான், றுகையா மாமிக்குச் சொல்லுவாள், ஊருக்கு வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பாஸ் என்ற பேர் அத்தோடு சரி.

பின்னேர அசர் தொழுகை முடித்த கையோடு அவன் ஸஹீதின் கராஜுக்குப் போனான். சும்மா அந்தப் பக்கம் வந்தவன் போல ஒரு தேத்தண்ணிப் போத்தலும் கையில்.

ஸஹீத் முன் சில்லுகளுக்கு மரக்கட்டை கொடுத்து, பின்பக்கத்தை ஜக்கில் தூக்கியிருந்தான். ஹேன்ட் பிறேக்கை முழுக்க இழுத்துவிட்டு, பின் சில்லு ஒன்றைக் கையால் சுழற்றினான். அது ஒற்றைக் கையில் சுகமாகச் சுற்றியது.

"வாங்க காக்கா. பாத்திங்களா, பிறேக் இழுத்திரிக்கி, சில்லு ராட்டினம் மாதிரிச் சுத்துது."

"பிறேக் லைனர்ல ஒயில் பட்டிரிக்கும்" என்றான் மஜீட். "கழட்டிப் பெற்றோல் ஊத்திப் பத்தவெச்சி, மண்தாள் போட்டுத் தேய்ச்சாச் சரி. நான் வருசா வருசம் செய்யிறதான்."

"ஓம், அது தெரியுது. லைனர் தேய்ஞ்சி கடதாசி மாதிரி இரிக்கி." ஸஹீத் கிண்டலாகச் சொல்லவில்லை. டிரம்மைக் கழற்றி, உள்ளே வழிந்திருந்த எண்ணெயை விரலில் தொட்டு உரசினான், மூக்கில் வைத்துப் பார்த்தான். "கியர் ஒயில். உள்ளுக்கிருந்து ஒயில் சீலத் தாண்டி வருது. ரெண்டு பக்கமும் ஒரே நேரம் சீல் போற எண்டா எனக்கு ஒரு யோசின."

அவன் இயந்திரத்தின் முதுகில் ஏறி, எங்கோ தடவி, காய்ந்த சேற்றையும் பழைய பெயின்ட்டையும் ஆணியால் கிண்டினான். சின்னத் துளை ஒன்று தெரிந்தது. அதற்குள் மெல்லிய கம்பியை விட்டதும் உஸ்ஸென்று காற்று வெளியேறியது.

"இதுதான் காக்கா. மூச்சுத் துவாரம் அடைச்சிரிக்கி. உள்ளுக்கு ஒயில் சூடாகினா காத்துப் போக இடமில்ல, சீலத் தள்ளிக்கி ஒயில் வருது. இத உட்டுப்போட்டு நூறு லைனர் மாத்தினாலும் மறுகா நனையும்."

மஜீட் அந்தத் துளையைப் பார்த்தான். பதினெட்டு வருடம் அவன் கை அதன் மேல் பட்டிருக்கிறது. மேலே பெயின்ட் அடித்ததே அவன்தான். இது தன் தலைக்கு ஏன் வரவில்லை? ஸஹீத் பிழையாக ஏதாவது சொல்லியிருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஒரு சகலன் கெட்டிக்காரனாக இருப்பதைப் பொறுக்கலாம். சரியாகவும் இருந்து, பணிவாகவும் இருந்தால் என்னதான் செய்வது?

"கியர் பொக்ஸ நான் தொறக்கன்" என்றான் மஜீட். "அது எனக்குப் பழக்கமான பொக்ஸ். நீ பிறேக்கப் பாரு தம்பி."

"வேணாம் காக்கா, இடுப்புப் புடிச்சிரும். நீங்க இருந்து செல்லுங்க, நான் செய்யன்."

சொல்லிக்கொண்டே மேல் மூடியின் நட்டுகளைக் கழற்றினான். மஜீட் போத்தலைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான். மூடி கழன்றது. ஸஹீத் டோர்ச் அடித்து உள்ளே குனிந்தான். கியர்த் தண்டின் ஓரத்தில் இருந்த மூடியைத் திருகி எடுத்து, உள்ளங்கையை ஏந்தினான். இரண்டு வாஷர் விழுந்தன. பின்னால் அந்தக் கட்டை ஸ்பிரிங்.

ஸஹீதின் முதுகு அப்படியே நின்றது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று சாமானையும் கையில் வைத்துப் பார்த்தான். பிறகு கழிவுத் துணியில் சுற்றி, மேசைக்கு அடியில் இருந்த, பழைய இரும்பு போடும் வாளிக்குள் போட்டான்.

"என்ன?" என்றான் மஜீட்.

"ஒண்டுமில்ல காக்கா. பழைய மெசின். தேய்ஞ்சிரிக்கி."

அந்த இரவும் அடுத்த நாளும் மஜீட் காத்திருந்தான். வளவில் ஒரு சத்தமும் இல்லை. றுகையா கிணற்றடியில் வைத்து வழக்கம்போலச் சிரித்தாள். மாமி வழக்கம்போல "சாப்பிட்டிங்களா மனே?" என்றாள். மாமா கட்டுப்போட்ட காலைக் கதிரையில் நீட்டிக்கொண்டு, மழை எப்போது விழும் என்று மட்டும் கேட்டார். ஸஹீத் ஒருவருக்கும் சொல்லவில்லை.

ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. ஏசியிருந்தால் திருப்பி ஏசலாம். ஊருக்குச் சொல்லியிருந்தால் அந்த வருடக் கஷ்டத்தைச் சொல்லி வாதாடலாம். இவன் வாயை மூடிக்கொண்டு தன் பேரைக் காப்பாற்றித் தருகிறான். பிச்சை போடுகிறான், அதுவும் யாருக்கும் தெரியாமல். நினைக்க நினைக்க மஜீடுக்கு அவன் மேல் இருந்த எரிச்சல் இரண்டு மடங்காகியது.

அந்த எரிச்சலில்தான் வியாழக்கிழமை சந்தித் தேத்தண்ணிக் கடையில் வாயை விட்டான்.

"கத்தார்ல புது மெசின்தான் பாத்திரிப்பான். இது வேற. நாளைக்கு வாய்க்கால் கட்டில ஏத்திப் பாப்பம், பிறேக் நிக்குதா எண்டு."

கிளச் சரியாகி இயந்திரத்தைக் கொண்டுபோக வந்திருந்த அழகரெத்தினம் பக்கத்தில்தான் இருந்தார். "என்ன பாஸ் இப்பிடிச் சொல்றீங்க? அந்த ஆள் உங்களப் பத்தி நல்லாத்தான் கதைச்சார். நேத்து அவர்ட்ட ஒரு வளையம் வாங்கப் போனனான். கியர் வேலைக்கெண்டா எங்கட காக்காட்டப் போங்க, அவர்ர கை வேற எண்டார்."

மஜீட் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து, எல்லோரும் வாய்க்கால் கட்டுக்குப் போனார்கள். வேண்டாம் என்று மாமி தடுத்தும் கேட்காமல் மாமாவும் ஓட்டோவில் வந்தார். அதே சரிவு, பெட்டி நிறைய மண். ஸஹீத் இயந்திரத்தை ஏற்றி, சரிவின் நடுவில் நிறுத்தினான். பின்னால் நின்றவர்களை விலக்கினான். எஞ்சினை நிறுத்தி, கியரைக் கழற்றி, ஹேன்ட் பிறேக்கை இழுத்துவிட்டு, கீழே குதித்து இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான்.

மஜீட் பின் சில்லையே பார்த்தான். ஒரு சாண், ஒரே ஒரு சாண் பின்னுக்கு வரட்டும். ஒருவருக்கும் அடிபட வேண்டாம், ஒருவரும் பின்னால் இல்லைதானே. அல்லாஹ்விடம் கேட்கக் கூடாத துஆ என்று தெரிந்ததால் அவன் அதை துஆவாகக் கேட்கவில்லை. சும்மா ஆசைப்பட்டான்.

சில்லு அசையவில்லை. பிறகு ஸஹீத் ஏறி, முதல் கியரில் போட்டு, பிறேக்கைத் தளர்த்தினான். இயந்திரம் ஒரு தடவை குலுங்கி, கியரிலேயே நின்றது. வயல்காரர்கள் நாலைந்து பேர் கைதட்டினார்கள். மாமா ஓட்டோவுக்குள் இருந்தபடியே "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

இயந்திரம் வீடு வந்த சந்தோசத்துக்கு மாமி சஹன் வைத்தாள். நெய்ச்சோறு குவித்த பெரிய தட்டு, நடுவில் பொரித்த முழுக்கோழி. பாயில் ஒரே தட்டைச் சுற்றி மாமா, ஒரு பக்கம் மஜீட், மறுபக்கம் ஸஹீத். மாமா காலை ஒரு தலையணையில் நீட்டிக்கொண்டார். சஹனில் கோழியைப் பிய்த்துப் பங்கு வைப்பது மூத்தவரின் வேலை. மாமா பிஸ்மி சொல்லிக் கோழியில் கை வைத்தார். ஸுல்பிகாவும் றுகையாவும் கதவடியில் நின்றார்கள்.

"சின்ன மருமகன், செல்லுங்க. அண்டைக்கு ஏன் அந்தக் கியர் கழண்ட?" என்றார் மாமா.

"பழசு மாமா. தேய்மானம். ஆர்ர பிழையும் இல்ல."

சொல்லிவிட்டு ஸஹீத் மஜீடை ஒரு பார்வை பார்த்தான். மிருதுவான பார்வை. பயப்படாதீங்க காக்கா என்றது அது. மஜீடால் அதைத் தாங்க முடியவில்லை. ஆயுள் முழுக்க ஒரே வளவில், ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளிக்கொண்டு, இந்தப் பார்வைக்குக் கீழே கிடக்க வேண்டுமா? இவனிடம் நல்ல பேர் வாங்கிப் பிழைப்பதைவிடக் கெட்ட பேரோடு கிடக்கலாம்.

"பொய்" என்றான். "அது என்ட பிழை மாமா."

மாமாவின் கை கோழியில் நின்றது.

"டீசல் இல்லாத வருசம் நான் வேற ஸ்பிரிங் போட்டன். மோட்டார் சைக்கிள்ர. மேல ரெண்டு வாஷரும் வெச்சன். மறுகா மாத்துவம் மாத்துவம் எண்டு இருந்தன், மாத்தல்ல. ஒங்கட கால் முறிஞ்ச அதாலதான்."

கதவடியில் ஸுல்பிகா "யா அல்லாஹ்" என்றாள். மாமா கோழியிலிருந்து கையை எடுத்தார்.

"மறந்திட்டிங்களா?"

"இல்ல. மறக்கல்ல. ஓடுதுதானே எண்டு உட்டுட்டன்."

"கியர்ல போட்டா நிக்குமெண்டு நம்பித்தான் நான் பின்னுக்குப் போன. ஒங்கட கை பட்ட மெசின் எண்டுதான் நம்பின." குரல் உயரவில்லை. அதுதான் உறைத்தது. மாமா ஸஹீத் பக்கம் திரும்பினார். "தொறந்தது நீங்க. கண்டிங்களா?"

ஸஹீத் தலையைக் குனிந்தான். "ஓம் மாமா."

"கண்டிட்டு என்னட்ட மறைச்சிங்க."

"காக்காட பேருக்குக் குறை வரும் எண்டு..."

"முறிஞ்சது ஆர்ர கால்?" இப்போது குரல் உயர்ந்தது. "என்ட காலா, ஒங்கட காலா? பிழை செஞ்சவர் வாயத் தொறந்து செல்லுறார். நீங்க நல்லபுள்ளையாகிறத்துக்கு என்ன மொக்கனாக்கிறதா? கேக்கன், கேக்கன், கண்ணப் பாத்துக்கி ஆர்ர பிழையும் இல்ல எண்டு செல்லுறீங்களே!"

றுகையா உள்ளே போய்விட்டாள். ஸஹீதின் முகம் காது வரை சிவந்தது. இரண்டு வருடத்தில் மாமா அவனை ஏசியது இதுதான் முதல் தடவை. மஜீட் எத்தனையோ நாள் படுக்கையில் கிடந்து கற்பனை செய்த காட்சி அது. அது நடந்தபோது அவனுக்கு இனித்தது. மாமாவின் கால் எதிரில் தலையணையில் கிடக்கும்போதே இனித்தது. அது தன்னைக் காப்பாற்றப்போய் வாங்கிய ஏச்சு என்று தெரிந்தும் இனித்தது. அவன ஏசாதீங்க மாமா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தை வாய் வரைக்கும் வந்து நின்றது.

மாமா பெருமூச்சு விட்டுக் கோழியைப் பிய்த்தார். முதல் தொடையை எடுத்து மஜீடின் பக்கத்துச் சோற்றில் வைத்தார். இரண்டாவது தொடையையும் கழற்றினார், கொஞ்சம் யோசித்தார், அதையும் அவன் பக்கமே வைத்தார். ஸஹீதுக்கு முதுகெலும்புத் துண்டு ஒன்று போனது.

"தின்னுங்க" என்றார்.

இரண்டில் ஒன்றைச் சோற்றுக்கு மேலால் அந்தப் பக்கம் தள்ளிவிட வேண்டும் என்று மஜீடுக்குத் தெரிந்தது. தள்ள வேண்டிய தூரம் ஒரு சாண்கூட இல்லை. எதிரே ஸஹீத் மீனில் முள்ளை எடுப்பதுபோல முதுகெலும்பைப் பிரித்துக்கொண்டு, தலை நிமிராமல் சாப்பிட்டான்.

மஜீட் ஒரு தொடையைத் தின்றான். பிறகு மற்றதையும் எடுத்தான்.